பெரியேரிக்கு ஒரு சாண் மிச்சம்

எங்கள் பொறியாளர் சங்கத்தின் மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த இளம் பொறியாளர்கள் இருவரும் கையோடு ஒரு மடிக்கணினியைக் கொண்டு வந்திருந்தார்கள். திரையில் ஓர் ஏரி. ஒரு பொத்தானைத் தட்டியதும் மழை பெய்தது. ஏரி நிறைந்தது, கரை உடைந்தது, வெள்ளம் நீல நிறத்தில் தெருத்தெருவாகப் பரவி, ஆழமான இடங்களில் கருநீலமாயிற்று. என் மனைவி காபி கலந்து கொண்டு வருவதற்குள் ஓர் ஊரே மூழ்கிவிட்டது.

"அந்தக் காலத்துல இதையெல்லாம் எப்படி சார் பண்ணீங்க?" என்று ஒருவர் கேட்டார். கேள்வியில் மரியாதை இருந்தது. அருங்காட்சியகத்தில் கல்கோடரியைப் பார்க்கும்போது வருகிற மரியாதை.

ஐம்பத்தெட்டு வயதானதும் அரசாங்கம் என்னைக் கிழவன் என்று தீர்மானித்து, மாலை போட்டு, வீட்டு வாசலில் ஜீப்பிலிருந்து இறக்கிவிட்டுப் போனது. என் டாக்டர் மட்டும் நடுத்தர வயதுதான் என்று சாதிக்கிறார். இரண்டு கட்சிக்கும் நடுவில் நின்றுகொண்டு, பெரியேரியைப் பற்றி எழுதுகிறேன். வேறு சில அணைகளும் பாலங்களும் என் உத்தியோகத்தில் உண்டு. அவை எல்லாம் கட்டினோம், நிற்கின்றன என்பதோடு முடிந்துவிடும். பெரியேரி முடியவில்லை.

கல்லூரியில் ஐந்து வருடம் நீரியல் படித்தேன். அதில் மழை ஒருபோதும் நனைக்காது. பிறகு துறையில் உதவிப் பொறியாளனாகச் சேர்ந்து, இரண்டு ஊர்களில் மதகுக்குப் பெயின்ட் அடிப்பதை மேற்பார்வை பார்த்தேன். எழுபதுகளின் கடைசியில் ஆரணிக்கு மாற்றினார்கள். கீழ்த்தெருவில், ருக்மணியக்கா வீட்டின் முன் அறை வாடகைக்குக் கிடைத்தது. பின் கூடத்தில் இரண்டு குழித்தறிகள். தரையில் இடுப்பளவுக்குக் குழி தோண்டி, அதில் காலைத் தொங்கவிட்டு மிதித்து நெய்கிற தறி. விடிந்ததிலிருந்து ஒன்றில் அக்காவும் ஒன்றில் அவர் கணவரும் உட்கார்ந்துவிடுவார்கள். அந்தச் சத்தத்தில் தூங்க முடியாது என்று முதல் வாரம் நினைத்தேன். இரண்டாம் வாரத்தில் சத்தம் நின்றால் விழித்துக்கொள்ள ஆரம்பித்தேன்.

தெருவின் மேற்குக் கோடியில் நின்று நிமிர்ந்து பார்த்தால் வானத்துக்குப் பதிலாகப் பெரியேரியின் கரை தெரியும். ஏரித் தண்ணீர் எங்கள் கூரைக்குச் சமமாக நின்றது. அந்தத் தெருவில் யாரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் இருக்கிற மாமனாரைப் பற்றி யாரும் தினமும் பேசிக்கொண்டிருப்பதில்லை.

எங்கள் செயற்பொறியாளர் தாமோதரன். எல்லோருக்கும் அவர் 'ஐயா'. ஒல்லியான, குரல் உயராத மனிதர். வெயிலானாலும் மழையானாலும் ஒரு கறுப்புக் குடை. கடைநிலை ஊழியரைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிடுவார். கணக்கைக் காகிதத்தில் பார்த்து ஒப்புதல் தருகிற பழக்கம் அவருக்கு இல்லை. போட்டவனே எதிரில் நின்று உரக்கப் படிக்க வேண்டும். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். புதிதாக வந்தவர்கள் தூங்கிவிட்டார் என்று நினைத்து வேகமாகப் படிப்பார்கள். ஏதோ ஓர் எண்ணில் ஒரு கண் திறக்கும்.

"யார் சொன்னது?"

எந்த எண்ணானாலும் அதைச் சொன்ன ஓர் ஆள் இருக்க வேண்டும். அளந்த ஆளின் பெயர், எந்த இடத்தில், எந்தக் கருவியால். "புத்தகத்தில் இருக்கு சார்" என்றால், "புத்தகம் எழுதினவர் ஆரணிக்கு வந்திருக்காருங்களா?" என்பார். கிண்டலாக அல்ல. உண்மையிலேயே வந்திருக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்போடு கேட்பார். அதுதான் தாங்காது.

முந்தின மழைக்காலத்தில் வேறொரு பக்கம் ஓர் ஏரி உடைந்து, ஊருக்கு மேலே இருக்கிற ஏரிகளையெல்லாம் ஆராயச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. பெரியேரி என் தலையில் விழுந்தது. நான் இளைஞன், கம்ப்யூட்டர் பயிற்சிக்கு ஒரு முறை சென்னைக்குப் போய் வந்தவன், போதாததற்கு ஏரிக்குக் கீழே குடியிருந்தேன்.

செய்ய வேண்டியது சொல்வதற்கு எளிது. பெருமழை பெய்தால் ஏரிக்கு மணிக்கு மணி எவ்வளவு தண்ணீர் வரும், எவ்வளவு வெளியே போகும், மிச்சம் எவ்வளவு தங்கி மட்டம் எங்கே ஏறும் என்று பார்க்க வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்கிற எந்தப் பெண்மணியும் இதை மனத்தில் செய்துவிடுவார். எங்களுக்கு அதே கணக்கை, மட்டம் ஓர் இழை ஏறும்போதெல்லாம் திரும்பப் போட வேண்டும். ஏனென்றால் மட்டம் ஏற ஏற வெளியே போகிற தண்ணீரும் மாறும். கைப்பிடி சுற்றுகிற கணக்குப்பொறியில் ஒரு மழையைப் போட்டு முடிக்க எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த மழை பெய்திருந்தால் நாங்கள் எல்லோரும் முதல் நாளே போய்ச் சேர்ந்திருப்போம்.

ஆகவே சென்னையில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் அறை. ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை, அட்டையில் எழுத்துக்குப் பதிலாகத் துளைகள். அடுக்கு குலைந்தால் கணக்கும் குலையும், ஈரம் பட்டால் அட்டை உப்பி இயந்திரத்தில் மாட்டிக்கொள்ளும். எனவே ருக்மணியக்காவிடம் ஒரு பட்டுப்புடவைப் பெட்டி வாங்கி அதில் வைத்துக்கொண்டு போவேன். அக்கா ஒரு நாள் அட்டை ஒன்றைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அவர் தறியின் மேலும் துளை போட்ட அட்டைகள்தான் மாலையாகத் தொங்கின. புடவைக் கரையின் பூவைத் தீர்மானிப்பவை.

"நம்ம அட்ட மாதிரிதான் கீது. இத்த கட்டினா இன்னா பூ வரும் தம்பி?"

"வெள்ளம் வரும் அக்கா."

"வாய கழுவு. தறிய வெச்சிகினு பேசற பேச்சா இது?"

கல்லூரியில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, குளிரூட்டிய அறையின் சாளரத்தில் பெட்டியை நீட்டினால், மறுநாள் வந்து பிரசாதம் வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். மறுநாள் நீளமான ஒரு காகிதம் கிடைக்கும். பெரும்பாலும் அதில் ஒரே ஒரு வரி: இன்ன அட்டையில் காற்புள்ளி இல்லை. பஸ்ஸில் திரும்பி, காற்புள்ளி வைத்து, மறுபடியும் பஸ். ஆரணி - சென்னை நடத்துனர்கள் என்னை ஜவுளி வியாபாரி என்றே நினைத்தார்கள். நஷ்டத்தில் போகிற வியாபாரி என்று.

இதற்கிடையே கரையை அளந்தோம். ஓர் இடத்தில், நேராக எங்கள் தெருவுக்கு மேலே, தலைமுறை தலைமுறையாக மாடுகள் ஏறி இறங்கிய தடத்தில் கரை பள்ளமாகத் தேய்ந்திருந்தது. அதில் புதுமண் கொட்டி உயர்த்தினோம். ஆனால் மழைக்காலத்தில் நனைந்த கரைமேல் கொட்டிய மண் பேருக்குத்தான் உயரம், ஓட்டத்தில் கரைந்துவிடும். அந்த உயரத்தைக் கணக்கில் சேர்க்க ஐயா சம்மதிக்கவில்லை. "அது கரையில்லைங்க, மண்குவியல்."

உண்மையான சிக்கல் மறுமுனையில் இருந்தது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற நீளமான கல் சுவருக்கு எங்கள் பக்கம் 'கோடி' என்று பெயர். அந்தச் சுவரின் மேல் பற்கள் மாதிரி வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருக்கும். மழைக்காலம் முடிந்ததும், ஏரிப் பாசனத்தை நம்பிய ஆயக்கட்டு விவசாயிகள் வீட்டுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு கூடை என்று புல்லோடு பெயர்த்த மண்கட்டியான புல்கரணையும் சேறும் கொண்டுவந்து கற்களுக்கு இடையே அடைப்பார்கள். ஏரியில் கூடுதலாக முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அந்த முழங்கால் உயரம்தான், வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடை நிலங்களுக்கு, மழைக்குப் பிறகு போடுகிற நவரைப் பட்டத்து நெல். திருவண்ணாமலையில் தீபம் ஏற்றிய பிறகுதான் அடைக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம். அந்த வருஷம் மழை முன்கூட்டியே கொட்டி ஏரி ததும்பியதும், ஓடி வீணாகிற தண்ணீரைப் பார்க்கச் சகிக்காமல், ஐப்பசியிலேயே அடைத்துவிட்டார்கள்.

ஐயா என்னை மூன்று விதமாகக் கணக்குப் போடச் சொன்னார். கோடி முழுவதும் திறந்திருந்தால், பெருமழையில் தண்ணீர் மாட்டுத்தடத்துக்கு ஒரு முழம் கீழே நின்றது. முழுவதும் அடைத்திருந்தால் மாட்டுத்தடத்தின் மேல் ஏறிப் போனது. மண்கரையின் மேல் தண்ணீர் ஏறினால் பிறகு கணக்குத் தேவையில்லை. பாதி அடைத்திருந்தால் ஒரு சாண் மிச்சம்.

காகிதத்தை அவர் முன் படித்து முடித்த சாயங்காலம், வங்கக் கடலில் புயல் சின்னம் என்று வானொலி சொன்னது.

மறுநாள் காலை கோடியை ஒட்டிய கங்கையம்மன் கோயில் முன் விவசாயிகளைக் கூட்டினோம். நாட்டாண்மை கோவிந்தசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். அகலமான தோள், சிரிக்காமல் சிரிக்க வைக்கிற வாய். அவருடைய நிலமும் கடைமடையில்தான்.

"இன்னா சார், மெட்ராஸ் போயி மிஷினாண்ட குறி கேட்டுகினு வந்தீங்களாமே. மழ எப்ப வரும்னு சொல்லிச்சு?"

"மழை வருமான்னு அதுக்குத் தெரியாதுங்க" என்றார் ஐயா.

"பின்ன இன்னாத்துக்கு அத்த போய் கேட்டீங்க?"

"மழை வந்தா கரை நிக்குமான்னு கேட்டோம். கோடி முழுக்க அடைச்சிருந்தா நிக்காதுன்னு வந்திருக்கு."

"எங்க தாத்தன் காலத்துலேர்ந்து அடச்சிகினு வரோம். ஏரி இங்கியேதான் கீது. மிஷினு நேத்து வந்துச்சு."

கூட்டம் சிரித்தது. ஐயா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "உங்க தாத்தா தீபத்துக்கு முன்னாடி அடைச்சாருங்களா?"

ஒருவர் தொண்டையைச் செருமினார். கோவிந்தசாமி எழுந்து நின்றார்.

"சரி சார். புல்ல பிரிச்சி தண்ணிய உட்டுடறோம். புயலு ஆந்திரா பக்கம் போயிடுது. நவரைக்கு இன்னா பண்றது? மிஷினு வந்து எறைக்குமா?"

"இறைக்காதுங்க."

"இதோ பாரு, பேச்சு எதுக்கு? அம்மன் எதுர்ல கீறா. சூடம் கொளுத்தறேன். உங்க கணக்கு நெசம்னு கையால அணச்சிடுங்க. ஜல்தியா இப்பவே எறங்கி மொத்த புல்லயும் பிரிச்சிடறோம். சத்தியத்துக்கு மேல எங்களுக்கு ஒண்ணும் வாணாம்."

நல்ல பேரம் என்று எனக்குப் பட்டது. சூடத்தை ஏற்றிப் படியில் வைத்தார்கள். ஐயா குனிந்து அந்தச் சுடரைப் பார்த்தார். கை நீளவில்லை. நான் அவர் காதருகே போனேன்.

"அணைச்சிடுங்க சார்."

"உங்க கணக்கு நிஜமா?"

"சரியாப் போட்டிருக்கேன் சார். மூணு தடவை பார்த்தாச்சு."

"நான் அதைக் கேக்கலைங்க."

அவர் நிமிர்ந்தார். "கணக்கை ஒளிவு மறைவு இல்லாமப் போட்டோம். அளந்ததை அளந்தபடி வெச்சோம். அதுக்கு வேணும்னா அணைக்கிறேன். அப்படியேதான் நடக்கும்னு அணைக்க மாட்டேன். அது எனக்குத் தெரியாது."

இருபது வருஷம் உத்தியோகம் பார்த்த மனிதர், ஒரு தெருவைக் காப்பாற்ற உள்ளங்கையில் ஒரு விநாடி சூடு தாங்க மறுக்கிறார் என்று எனக்குக் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அவர் மறுப்பிலும் இருந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு முப்பது வருஷம் வேலை பார்த்தேன்.

"சூடத்துக்குப் பாதி சத்தியம் கெடையாது சாமி" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பேசிக்கொண்டிருந்ததில் சூடம் தானாகவே எரிந்து தீர்ந்து, படியில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் இருந்தது.

கோவிந்தசாமி அதைக் காலால் தேய்க்கப் போய், அம்மன் ஞாபகம் வந்து காலை இழுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "பாதி சத்தியத்துக்குப் பாதிப் புல்லு. இன்னா சொல்றீங்க?"

ஐயா என்னைப் பார்த்தார். "பாதின்னா ஒரு சாண் மிச்சம்" என்றேன்.

"இந்தக் கணக்கு போட்ட புள்ள கீழ்த்தெருவுலதான் குடியிருக்குது" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

கோவிந்தசாமி முகம் மாறியது. "ஓகோ. உன் வூட்டாண்ட தண்ணி வரக்கூடாதுன்னு எங்க பயிர காயப்போட பாத்தியா?"

"அப்படி இல்லைங்க..."

"இருக்கட்டும்யா. ஒரு சாண் மிச்சம்னு சொல்றியே, நீ நம்பறியா?"

"நம்பறேன்."

"அப்ப மழ உடற வரைக்கும் அந்த வூட்டுலயே குந்திகினு இரு. ஆபீஸுக்கு ஓடாத, மேட்டுல கீற பெரிய ஸ்கூலுக்கு ஓடாத. சூடம்தான் வாணாம்னுட்டீங்க. ஆளயாவது ஜாமீனா வையி."

"அது அவர் முடிவுங்க. நான் உத்தரவு போட மாட்டேன்" என்றார் ஐயா.

"இருக்கேன்" என்றேன். அதை வீரம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அத்தனை பேர் முன்னால் முடியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று மதியமே கோடியில் ஒரு பாதிப் புல்லைப் பிரித்தார்கள். அந்தப் பாதியில் தண்ணீர் கற்களுக்கு இடையே சீறிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி நாகநதியைப் பார்த்து ஓடியது. கடைமடைக்காரர்கள் சிலர் கரையில் குந்தி, அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் உட்காருகிற மாதிரி.

புயல் ஆந்திராவுக்குப் போகவில்லை.

மழை பிடித்த மறுநாள் காலை, நானும் ஊராட்சி ஆட்களும் கீழ்த்தெருவில் வீடு வீடாகப் போனோம். குழந்தைகளும் முதியவர்களும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். தறிக்காரர்கள் நகரவில்லை. தறியில் பாவு, புடவைக்கான நீள நூல் முழுவதும், ஏறியிருந்தது. ஒரு பாவு என்றால் ஒரு குடும்பத்தின் பல வாரம். அறுத்தால் போயிற்று, விட்டுவிட்டுப் போனாலும் மனம் கேட்காது. நான் வற்புறுத்தினேன். ருக்மணியக்கா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னதை அப்போதுதான் கேட்டேன்.

"இன்னாத்துக்குப் போவணும்? ஆபத்துன்னா இன்ஜினியரு இங்க இருப்பாரா? அவரே குந்திகினு கீறாரு பாரு."

விவசாயிகளுக்கு நான் கொடுத்த ஜாமீன், என்னைக் கேட்காமலே தெருவுக்கும் ஜாமீனாகிவிட்டது. நான் அங்கிருந்து எழுந்து போனால் தெருவே எழுந்துவிடும். ஆனால் விவசாயிகள் பிரித்த புல்லைத் திரும்ப அடைத்துவிடுவார்கள். உட்கார்ந்திருந்தால் தெரு உட்கார்ந்திருக்கும். ஒரு சாணின் மேல் அத்தனை தறிகளும்.

ஆபீஸுக்குச் சொல்லி அனுப்பினேன். மதியம் ஐயாவே வந்தார். குடை காற்றில் திரும்பிக்கொண்டு கம்பிகள் தெரிந்தன. கையில் ஒரு பிளாஸ்க், ஒரு மாற்று வேட்டி.

"நீங்க எதுக்கு சார்?"

"அந்தக் கணக்குல என் கையெழுத்தும் இருக்குங்க." செருப்பைக் கழற்றி, கால் துடைத்து, கூடத்தில் தறிக்குப் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ருக்மணியக்கா பதறிப்போய்ப் பாய் எடுத்து வந்தார். "நீங்க நெய்யுங்கம்மா" என்றார்.

அன்று பகலே இருட்டிக் கிடந்தது. அக்கா தறிக்கு மேலே விளக்குப் போட்டு நெய்தார். கூடத்தில் தறிச் சத்தம், கூரையில் மழைச் சத்தம். திடீரென்று அக்கா காலைத் தூக்கினார். குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து அல்ல, அடியிலிருந்து.

ஐயா எழுந்துவந்து ஒரு கண்ணாடி டம்ளர் கேட்டார். குழித் தண்ணீரை மொண்டு விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. ஏரி நிரம்பினால் கரைக்கு அடியில் ஊற்று வருவது வழக்கம். தெளிவாக வந்தால் கவலையில்லை. கலங்கி வந்தால், உள்ளிருந்து கரையின் மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். இதை நான் கணக்கில் வைக்கவில்லை. கணக்கு, தண்ணீர் கரைக்கு மேலே போகுமா என்று மட்டும் பார்த்தது. கரைக்கு உள்ளே போவதைப் பற்றி அதை யாரும் கேட்கவில்லை.

டம்ளரில் தண்ணீர் தெளிவாக இருந்தது. சிறிது நேரம் கழித்து மறுபடியும் மொண்டார். தெளிவுதான். மூன்றாம் முறை மொண்டு, டம்ளரை விளக்குக்கு இன்னும் அருகே பிடித்தார்.

"இன்னா சாமி, குடிக்கவா போறீங்க?" என்று அக்கா கேட்டார். அவர் குரலில் முதல் முறையாகப் பயம் இருந்தது. பாவின் நூல்களைத் தொட்டுப் பார்த்தபடி, குழிக்கு வெளியே காலை மடித்து உட்கார்ந்திருந்தார். "பாவ அறுத்துடட்டுமா? சொல்லுங்க. அறுக்கணும்னா அறுத்துட்றேன்."

ஐயா என்னைப் பார்த்தார். நான் ஐயாவைப் பார்த்தேன். பதில் சொல்ல வேண்டிய இரண்டு பேரும் மற்றவர் சொல்லட்டும் என்று காத்திருந்த அந்த நிமிடத்தில், மேற்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ரயில் பாலத்தில் ஏறுகிற மாதிரி. கரை போயிற்று என்று நினைத்தேன்.

சத்தம் ஒரே சீராக நின்றது. நெருங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தெருவில் ஓர் ஆள் கத்திக்கொண்டே ஓடினார்.

"நாட்டாம கோடிய மொத்தமா பிரிச்சி உட்டுட்டாரு! மீதிப் புல்லும் போச்சு!"

அக்கா தறியின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். பாவை அறுக்க வேண்டியிருக்கவில்லை. குழித் தண்ணீர் வற்றுவதற்குத்தான் சில நாட்கள் ஆயின. அதுவரை தெரு முழுவதும் தறிச் சத்தம் இல்லை. ஒவ்வொரு விடியலிலும் அதனாலேயே விழித்தேன்.

வெயில் வந்ததும் ஐயா என்னைச் சென்னைக்கு அனுப்பினார். இம்முறை கற்பனை மழை இல்லை. மழைமானிகளில் பதிவான, உண்மையில் பெய்த மழை. பாதிக் கோடி அடைத்தபடியே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க வேண்டும். அட்டையைத் துளையிட்டு, செருப்பைக் கழற்றி, பெட்டியை நீட்டினேன். காகிதம் வந்தது. அதை ஐயா முன் படித்தேன். மாட்டுத்தடத்துக்கு நான்கு விரல் கீழே தண்ணீர் நின்றிருக்கும். கரை தாண்டியிருக்காது.

ஐயாவின் ஒரு கண் திறந்தது.

"காற்று சேர்த்திருக்கீங்களா?"

"இல்லை சார். காற்றில்லாத ஏரி."

"நாலு விரல் உயரத்துக்கு அன்னைக்கு அலை எழுந்திருக்கலாம். எழாமலும் இருந்திருக்கலாம்." பிறகு, "போய் நாட்டாண்மைகிட்டச் சொல்லிட்டு வாங்க. ரெண்டையும் சொல்லுங்க" என்றார்.

"எதுக்கு சார்? அவருக்கு நவரை போயிடுச்சு. கடைமடையில எத்தனை குடும்பம். இப்போ போய், பிரிக்காம விட்டிருந்தாலும் நின்னிருக்கும்னு எப்படி..."

"அது அவங்க தண்ணிங்க. என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கிற உரிமை அவங்களுக்கு இருக்கு."

சைக்கிளில் போனேன். ஏரி, கற்களின் அடிமட்டத்தோடு நின்றது. முழங்கால் உயரத் தண்ணீர் இல்லை. கோவிந்தசாமி வீட்டு வாசலில் சாக்கு விரித்து, விதைக்கு வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் கையைக் குறுக்காகப் பிடித்து, நான்கு விரல்களைச் சேர்த்துப் பார்த்தார்.

"இவ்ளோ மிச்சம் இருந்திருக்கும்னு சொல்றே."

"காத்து இல்லாம இருந்திருந்தா."

"அப்ப நான் பிரிச்சது தண்டம்."

"தண்டம்னும் சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல முடியாது."

"இத்த சொல்லவா இம்மாந் தூரம் சைக்கிள் மெதிச்சிகினு வந்த? பேஜார் புடிச்ச ஆபீஸுய்யா உங்களுது."

எனக்கும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "பாதிப் புல்லு போதும்னு நீங்கதானே பேசினீங்க. தண்ணி மாட்டுத்தடத்தைத் தொடக்கூட இல்ல. ஏன் பிரிச்சீங்க?"

ஒரு கடலையை விரலிடுக்கில் நசுக்கினார். தோல் பிரிந்து பருப்பு முழுசாக விழுந்தது.

"உன்ன குந்த வெச்சது நானு. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. வாய உட்ட, குந்தின. மத்தியானம் ஒருத்தன் வந்து சொல்றான், பெரியவரும் கொடைய எடுத்துகினு வந்து அந்த வூட்டுல குந்திகினாருன்னு. யாரும் கூப்புடல. தானா வந்து குந்திகினாரு. அப்பதான்யா எனக்கு திக்குனு ஆச்சு. கணக்க நம்பறவன் அவன் வூட்டுல படுத்து தூங்குவான். இங்க இன்னாத்துக்கு வரான்?"

ஐயா நம்பி வந்தாரா, நம்பாமல் வந்தாரா என்று நான் அவரைக் கேட்டதில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போன நாளிலும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார், அதனால்தான்.

"நவரைக்கு?" என்றேன்.

"அதான் பாக்கறியே, கடல போடறோம். அந்தாண்ட நாலு வூட்டுலயும் கடலதான். நெல்லு அடுத்த வருசம் பாத்துக்கலாம்." சாக்கின் ஓரத்தைத் தட்டினார். "நிக்காத. குந்தி ஒட."

உட்கார்ந்தேன். விதைக் கடலையைப் பருப்பு பிளக்காமல் உடைக்க வேண்டும், பிளந்தது முளைக்காது. என் கையில் வந்தவை பெரும்பாலும் பிளந்தன. அவர் ஒன்றும் சொல்லாமல் அவற்றைப் பொறுக்கித் தனியே ஒதுக்கிக்கொண்டே வந்தார். வெயில் தாழ்ந்தபோது, விதைக்கு ஆகாத அந்தக் குவியல் இரண்டு பேர் சாப்பிடும் அளவுக்குச் சேர்ந்திருந்தது. அதைத் தட்டில் அள்ளி, வறுத்துக் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.